கடன் வாங்கிய சொல்லும் கூடப்பிறந்த சொல்லும்

"ஆங்கிலம் லத்தீன்ல இருந்து வந்த மொழிதானே?"

இந்தக் கேள்வியைப் பலரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கேட்பவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. லத்தீனில் அப்பாவுக்கு 'பாத்தெர்', ஆங்கிலத்தில் 'பேட்டர்னல்'. லத்தீனில் பல்லுக்கு 'டென்ஸ்', ஆங்கிலத்தில் 'டென்டிஸ்ட்' என்று கையில் ஒரு பட்டியலும் இருக்கும். பட்டியல் சரி. அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் தப்பு.

நான் மொழியியலில் பட்டம் வாங்கியவன் இல்லை. பி.ஈ. முடித்துவிட்டு மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். சொற்களின் பூர்வீகம் தேடுவது ராத்திரி நேரத்துப் பைத்தியம், அவ்வளவுதான். இத்தனை வருடத் தேடலில் உருப்படியாகக் கிடைத்த பாடம் ஒன்று உண்டு: இரண்டு சொற்கள் அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்தால் அது உறவுக்குச் சாட்சி ஆகாது. பெரும்பாலும் அது கடனுக்குத்தான் சாட்சி. உறவைக் காட்டும் சாட்சி வேறு மாதிரி இருக்கும். அதை ஐரோப்பிய மொழிகளை வைத்து விளக்கப் பார்க்கிறேன். அங்கே பழைய ஏடுகள் நிறைய இருப்பதால், யார் கொடுத்தார்கள், யார் வாங்கினார்கள் என்பதைப் பெரும்பாலும் காலம் குறித்தே காட்ட முடிகிறது.

அகராதியில் கால் பங்குதான் சொந்தம்

1973-இல் ஃபிங்கன்ஸ்டேட், வோல்ஃப் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஷார்ட்டர் ஆக்ஸ்ஃபோர்ட் அகராதியின் சுமார் 80,000 சொற்களைக் கணினியில் ஏற்றி எண்ணிப் பார்த்தார்கள். பிரெஞ்சு வழியாக வந்தவை ஏறத்தாழ 28 சதவீதம். நேராக லத்தீனிலிருந்து வந்தவை இன்னொரு 28 சதவீதம். ஆங்கிலத்தின் சொந்தச் சொற்களையும், அதன் ஜெர்மானியப் பங்காளிகளிடமிருந்து வந்தவற்றையும் சேர்த்தால் 25 சதவீதம்தான்.

இந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் ஆங்கிலம் பிரெஞ்சின் தங்கை என்றுதான் தோன்றும். ஆனால் மொழியியலாளர்கள் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஆங்கிலம் ஜெர்மன், டச்சு, ஸ்வீடிஷ் ஆகியவற்றோடு பிறந்தது என்பதில் அவர்களிடையே கருத்து வேறுபாடே கிடையாது. ஏன்?

புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். ஒரு கிளாஸ் இன்னொன்றிலிருந்து இன்ஹெரிட் ஆவது ஒரு விஷயம். வெளியிலிருந்து ஒரு லைப்ரரியை இம்போர்ட் செய்வது முற்றிலும் வேறு விஷயம். ஆயிரம் லைப்ரரியை இம்போர்ட் செய்தாலும் உங்கள் புரோகிராமின் பெற்றோர் மாறமாட்டார்கள். மொழியும் அப்படித்தான். வாங்கிய சொல்லும் வீட்டு இலக்கணத்துக்குத்தான் கட்டுப்படும். பிரெஞ்சிலிருந்து வந்த 'சேஸ்' என்ற வினைச்சொல், ஆங்கிலத்துக்குள் நுழைந்ததும் ஆங்கில விகுதியை ஒட்டிக்கொண்டு 'சேஸ்டு' ஆகிவிட்டது. நாம் 'டைப் பண்ணினேன்' என்பதும் இதே கதைதான். 'டைப்' வெளியூர்க்காரன். 'பண்ணினேன்' நம்ம வீட்டுப் பிள்ளை.

இன்னொன்று. அகராதியில் கால் பங்காக இருக்கும் ஜெர்மானியச் சொற்கள் பேச்சில் அப்படி இல்லை. ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் முதல் நூறு சொற்களில் மிகப் பெரும்பாலானவை அந்தக் கால் பங்கைச் சேர்ந்தவையே.

வாரன்ட்டியும் கேரன்ட்டியும்

ஆங்கிலம் ஒரே கடையில் ஒரே தடவை கடன் வாங்கவில்லை. 9-ஆம் நூற்றாண்டிலிருந்து இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய வைக்கிங்குகளிடமிருந்து 'எக்', 'ஸ்கை', 'விண்டோ' போன்றவை வந்தன. 'விண்டோ' அவர்களுடைய மொழியில் 'காற்றின் கண்' என்று பொருள்படும். (ஜன்னலுக்கு நம் பழைய பெயர் 'காலதர்'. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. ஆங்கிலேயர்கள் வைக்கிங்குகளிடம் ஜன்னலைக் கடன் வாங்கினார்கள் என்றால், நாம் போர்த்துகீசியரிடம் வாங்கினோம்: அவர்களின் 'ஜனேலா'தான் நம் 'ஜன்னல்'.) 'அவர்கள்' என்பதற்கான 'தே' கூட வைக்கிங் சொல்தான். பெயர்ச்சொல் கடனாக வருவது சகஜம். படர்க்கைப் பெயரே கடனாக வருகிறதென்றால், இரண்டு கூட்டமும் ஒரே தெருவில் குடியிருந்து, கொண்டு கொடுத்து வாழ்ந்திருக்க வேண்டும்.

பிறகு 1066. நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்தார். அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு ஏறி உட்கார்ந்தது. முதலில் வந்தது நார்மண்டி வட்டாரப் பிரெஞ்சு, பின்னால் வந்தது பாரிஸ் பிரெஞ்சு. ஃபிராங்குகள் என்ற ஜெர்மானிய இனத்தார் பிரெஞ்சுக்குக் கொடுத்திருந்த சொற்களில், தொடக்கத்து 'வ' ஒலியை நார்மண்டிக்காரர்கள் அப்படியே வைத்துக்கொண்டார்கள். பாரிஸ்காரர்கள் அதை 'க' ஆக்கினார்கள். ஆங்கிலம் இரண்டு பேரிடமும் வாங்கியது. அதனால்தான் நீங்கள் ஃபிரிட்ஜ் வாங்கும்போது கடைக்காரர் 'வாரன்ட்டியா கேரன்ட்டியா' என்று கேட்க முடிகிறது. ஒரே சொல், இரண்டு வாசல்.

'சீஃப்', 'ஷெஃப்' இரண்டுக்கும் இதே கதைதான். தலைவர் என்ற பொருளுள்ள ஒரே பிரெஞ்சுச் சொல் இடைக்காலத்தில் ஒரு தடவை வந்தது. அப்போது பிரெஞ்சில் அந்த எழுத்துக்கு 'ச்ச' உச்சரிப்பு. பிரெஞ்சு உச்சரிப்பு 'ஷ' ஆக மாறிய பிறகு, 19-ஆம் நூற்றாண்டில் அதே சொல் சமையலறை வழியாக மறுபடி வந்தது. எந்த உச்சரிப்போடு உள்ளே வந்தது என்பதைப் பார்த்தே எந்தக் காலத்துக் கடன் என்று சொல்லிவிடலாம்.

ஒழுங்காக வேறுபடுவதுதான் உறவு

சரி, சொந்தச் சொல்லை எப்படி அடையாளம் காண்பது? டென்மார்க்கின் ராஸ்மஸ் ராஸ்க் 1818-இலும், ஜெர்மனியின் யாக்கோப் கிரிம் 1822-இலும் இதற்கு வழி காட்டினார்கள். (தேவதைக் கதைகள் தொகுத்த கிரிம் சகோதரர்களில் மூத்தவர்தான் இந்தக் கிரிம்.) லத்தீனில் 'ப' ஒலி வரும் இடத்தில் ஜெர்மானிய மொழிகளில் 'ஃப' வருகிறது. லத்தீனில் 'க' வரும் இடத்தில் 'ஹ' வருகிறது.

அப்பா: பாத்தெர் – ஃபாதர்
மீன்: பிஸ்கிஸ் – ஃபிஷ்
பாதம்: பேஸ் – ஃபுட்
கொம்பு: கோர்னு – ஹார்ன்
இதயம்: கோர் – ஹார்ட்
நாய்: கனிஸ் – ஹவுண்ட்
நூறு: கென்தும் – ஹண்ட்ரட்

சொற்கள் ஒத்துப்போகவில்லை என்பதைக் கவனியுங்கள். வேறுபடுகின்றன. ஆனால் எல்லாம் ஒரே விதிப்படி வேறுபடுகின்றன. ஏழு சொல்லும் ஒரே பக்கம் சாய்வது தற்செயலாக நடக்காது. ஒரு தாய்மொழி இருந்தது, அதன் ஒரு பிள்ளையின் வாயில் எல்லா 'ப'வும் 'ஃப' ஆயிற்று, இன்னொரு பிள்ளையின் வாயில் மாறவில்லை என்றால்தான் கணக்கு நேராகும். லத்தீன் ஆங்கிலத்துக்குத் தாய் இல்லை. பெரியம்மா முறை.

இப்போது முதல் பத்தியின் பட்டியலுக்குத் திரும்புவோம். 'பேட்டர்னல்' 'ப'வோடு இருக்கிறதே? அதுதான் அதைக் காட்டிக்கொடுக்கிறது! ஆங்கிலத்தோடு கூடப்பிறந்த சொல்லாக இருந்தால் 'ப' எப்போதோ 'ஃப' ஆகியிருக்கும். மாறவில்லை என்றால், அந்த ஒலி மாற்றம் நடந்து முடிந்த பிறகு வந்து சேர்ந்த விருந்தாளி என்று அர்த்தம். 'ஃபுட்' பிறந்த பிள்ளை, 'பெடல்' விருந்தாளி. 'ஹார்ன்' பிறந்த பிள்ளை, 'யூனிகார்ன்' விருந்தாளி. 'ஹார்ட்' பிறந்த பிள்ளை; லத்தீனின் 'கோர்' பிரெஞ்சு வழியாக 'கரேஜ்' ஆகவும், கிரேக்கத்தின் 'கார்தியா' மருத்துவத்தின் வழியாகக் 'கார்டியாலஜி' ஆகவும் அதே வீட்டுக்குள் வந்து சேர்ந்தன. ஒரே மூதாதைச் சொல், ஆங்கிலத்துக்குள் மூன்று வாசல் வழியே.

இந்த விதிக்கு விலக்குகள் இருந்தன. ஜெர்மனில் அப்பா 'ஃபாட்டர்', அண்ணன் தம்பி 'புரூடர்'. பழைய மொழியில் இரண்டிலும் நடுவில் ஒரே ஒலிதான். ஜெர்மனில் மட்டும் ஏன் ஒன்றில் 'ட்ட', இன்னொன்றில் 'ட'? 1870-களில் கார்ல் வெர்னர் விடையைச் சொன்னார். வேதகால சம்ஸ்கிருதத்தில் 'பிதா'வுக்கு அழுத்தம் இரண்டாம் அசையில், 'ப்ராதா'வுக்கு முதல் அசையில். ஜெர்மானியத்தின் அழுத்தம் பின்னால் இடம் மாறிப்போனாலும், அது முன்பு எங்கே இருந்தது என்பதை இந்த ஒலி வேறுபாடு காட்டிக்கொடுக்கிறது. பக் என்று நினைத்தது, கண்ணில் படாத இன்னொரு விதியாக முடிந்தது. இதை முதலில் படித்தபோது எனக்குத் தூக்கமே வரவில்லை.

முகஜாடை ஏமாற்றும்

இந்த விதிகளைக் கையில் வைத்துக்கொண்டால் சில பிரபலமான ஜோடிகள் உடைந்துபோகும். லத்தீனில் 'வைத்திருத்தல்' என்பதற்கு 'ஹபேரே'. ஜெர்மனில் 'ஹாபன்', ஆங்கிலத்தில் 'ஹேவ்'. பொருளும் ஒன்று, ஒலியும் ஒன்று. ஆனால் உறவு இல்லை. விதிப்படி ஜெர்மானிய 'ஹ' லத்தீனில் 'க' ஆக இருக்க வேண்டும். தேடினால் 'பிடித்தல்' என்ற பொருளில் 'கபேரே' நிற்கிறது. அதுதான் 'ஹேவ்' என்பதன் உடன்பிறப்பு. 'கேப்ச்சர்' அந்தக் கிளையில் வந்ததுதான்.

ஸ்பானிஷில் 'நிறைய' என்பதற்கு 'முச்சோ', ஆங்கிலத்தில் 'மச்'. இதுவும் தற்செயல். 'முச்சோ' லத்தீனின் 'முல்தும்' என்பதிலிருந்து தேய்ந்து வந்தது. 'மச்' பழைய ஆங்கில 'மிச்செல்' என்பதிலிருந்து வந்தது. அதற்குச் சொந்தம் கிரேக்கத்தின் 'மெகா'. சந்தையில் நம்மைப் போலவே ஒருவரைப் பார்த்தால் அவர் நம் தம்பி ஆகிவிடமாட்டார். கூடப்பிறந்த தம்பிக்கு நம் ஜாடை இல்லாமலும் போகலாம்.

கடன் வாங்கியவன் பத்திரமாக வைத்திருந்தான்

கடன் சொல்லைக் கேவலமாக நினைக்கக் கூடாது என்பதற்கு ஃபின்னிஷ் நல்ல உதாரணம். ஃபின்னிஷ் ஜெர்மானிய மொழி இல்லை, அதன் பெரிய குடும்பத்திலேயே இல்லை. ஆனால் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே ஜெர்மானிய மக்களோடு பழகியிருக்கிறது. ராஜாவுக்கு ஃபின்னிஷ் சொல் 'குனிங்காஸ்'. ஆங்கிலத்தில் அது 'கிங்' என்று சுருங்கிவிட்டது, ஜெர்மனில் 'கோனிக்', ஸ்வீடிஷில் 'குங்'. ஜெர்மானியத் தாய்மொழியில் அது 'குனிங்கஸ்' என்பது போல இருந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கணக்குப் போட்டு மீட்டிருக்கிறார்கள். சொந்தப் பிள்ளைகள் எல்லாரும் தேய்த்துவிட்ட சொல்லை, கடன் வாங்கிய பக்கத்து வீட்டுக்காரர் கிட்டத்தட்ட அப்படியே வைத்திருக்கிறார்.

அம்மாவுக்கான ஃபின்னிஷ் சொல் 'ஐத்தி'கூட ஜெர்மானியக் கடன்தான். பழைய சொந்தச் சொல் 'எமோ' இப்போது விலங்குகளின் தாயைக் குறிக்கப் பயன்படுகிறது. 'அம்மா அப்பா மாதிரியான சொற்கள் ஒருபோதும் கடனாக வராது' என்று சொல்பவர்களுக்கு இதைக் காட்டலாம். ஒரு சொல்லை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. ஒழுங்கு வேண்டும்.

மீன் நாற்றம் அடிக்கும் சொந்தம்

இதெல்லாம் வெறும் அகராதி விளையாட்டு இல்லை. பரம்பரை என்று வந்துவிட்டால் மனிதர்களுக்கு ரோஷம் வந்துவிடும். ஹங்கேரி அதைப் பார்த்தது.

1769-இல் சூரியனுக்குக் குறுக்கே வெள்ளிக் கிரகம் கடப்பதைப் பார்க்க, மாக்ஸிமிலியன் ஹெல் என்ற வானியலாளர் நார்வேயின் வட கோடியில் உள்ள வார்டோவுக்குப் போனார். கூடவே ஹங்கேரியரான யானோஷ் ஷைனோவிச் என்ற பாதிரியாரும் போனார். அங்கே கலைமான் மேய்த்து, மீன் பிடித்து வாழும் சாமி மக்களின் மொழியை ஆராய்ந்த ஷைனோவிச், அதற்கும் தன் தாய்மொழிக்கும் உறவு இருப்பதாக 1770-இல் கோபன்ஹேகனில் ஒரு நூலை வெளியிட்டார். ஊரில் வரவேற்பு இல்லை. குதிரைமேல் வந்து நாடு பிடித்த வீரர்கள் நாங்கள், எங்களுக்கு மீன் நாற்றம் அடிக்கிறவர்களா சொந்தம் என்று கேலி செய்தார்கள். 1799-இல் ஷாமுவேல் யார்மதி என்ற மருத்துவர் இலக்கண அமைப்பை ஒப்பிட்டு அதே உறவை இன்னும் உறுதியாகக் காட்டினார்.

எதிர்த்தரப்பிடமும் பட்டியல் இருந்தது. ஆப்பிள், பார்லி, கோதுமை, தாடி: ஹங்கேரியனில் ஆல்மா, ஆர்பா, பூசா, சகால். துருக்கியில் எல்மா, அர்பா, பூதாய், சகல். ஒற்றுமை கண்ணைப் பறிக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆர்மின் வாம்பேரி என்ற பயணி துருக்கிய உறவுக்காக வாதாடினார். யோசெஃப் புதென்ஸ் என்ற மொழியியலாளர் எதிர்த்தார்.

இப்போது ஃபின்னிஷையும் ஹங்கேரியனையும் வைத்துப் பாருங்கள்.

மீன்: கலா – ஹல்
மூன்று: கொல்மே – ஹாரோம்
மரம்: பூ – ஃபா
பாதி: புஓலி – ஃபேல்
பறவைக் கூடு: பெசா – ஃபேசெக்

'க'வுக்கு 'ஹ', 'ப'வுக்கு 'ஃப'. கிரிம் கண்ட அதே மாதிரியான சாய்வு, ஆனால் இது வேறொரு குடும்பத்தில் தனியாக நடந்தது. ('க' மாறுவது சில உயிரொலிகளுக்கு முன்னால் மட்டும். 'கை' என்பதற்கு ஃபின்னிஷில் 'காசி', ஹங்கேரியனில் 'கேஸ்'. இங்கே 'க' அப்படியே நிற்கிறது. இதற்கும் விதி உண்டு.) துருக்கியச் சொற்களில் பெரும்பகுதி பயிர், கால்நடை, பழத்தோட்டம் பற்றியவை. எண், கை, ரத்தம், நீர் எல்லாம் ஃபின்னிஷ் பக்கம். ஆக விடை இதுதான்: ஹங்கேரியர்கள் புல்வெளியில் துருக்கிய மக்களோடு வாழ்ந்து விவசாயம் கற்றுக்கொண்டது உண்மை, பிறந்த வீடு வடக்கே என்பதும் உண்மை. இரண்டு பட்டியலும் உண்மையையே சொல்கின்றன, வேறு வேறு கேள்விகளுக்கு.

ஐரோப்பாவின் விளிம்பில் இருக்கும் ஆர்மீனிய மொழியையும் கடன் மூட்டை இப்படித்தான் மறைத்தது. பாரசீகப் பக்கத்துச் சொற்கள் அதில் குவிந்திருந்ததால் அதை ஈரானிய மொழி என்றே வகைப்படுத்தியிருந்தார்கள். 1875-இல் ஹைன்ரிஷ் ஹூப்ஷ்மன் கடன் அடுக்கைத் தனியே உரித்து வைத்தார். 'அப்பா' ஆர்மீனியத்தில் 'ஹைர்': பழைய 'ப' இங்கே 'ஹ' ஆகியிருக்கிறது. தோட்டத்துக்குச் சொல் 'பர்தேஸ்': இது 'ப'வோடு நிற்பதால் ஈரானியக் கடன் (ஆங்கில 'பாரடைஸ்' இதன் தூரத்துச் சொந்தம்). உரித்தபின் மிஞ்சியது ஈரானியத்தோடு சேரவில்லை. ஆர்மீனியம் அந்தப் பெருங்குடும்பத்தில் தனிக்கிளை என்று ஆயிற்று.

சென்னையில் 1816

இந்த முறைக்கும் நம் ஊருக்கும் நேரடித் தொடர்பு உண்டு. சென்னையின் கலெக்டராக இருந்த எஃப். டபிள்யூ. எல்லிஸ், 1816-இல் கேம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கணத்துக்கு ஒரு முன்னுரை எழுதினார். தெலுங்கில் சம்ஸ்கிருதச் சொற்கள் எவ்வளவு இருந்தாலும், அதன் வேர்கள் தமிழ், கன்னடத்தோடுதான் சேர்கின்றன என்று காட்டினார். கால்டுவெல்லின் நூல் வந்தது அதற்கு 40 வருடம் கழித்து, 1856-இல்.

உதாரணம் நம் வீட்டிலேயே இருக்கிறது. பால் – ஹாலு, பல் – ஹல்லு, பத்து – ஹத்து, புலி – ஹுலி. பழைய கன்னடத்தின் 'ப' இடைக்காலத்தில் 'ஹ' ஆயிற்று. ஆனால் கன்னடத்தில் 'புஸ்தக', 'பத்ர' என்பவை 'ப'வோடு நிற்கின்றன. ஏன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 'ஃபுட்' – 'பெடல்' கதையேதான்.

எல்லிஸ் கலெக்டர், யார்மதி மருத்துவர், ஷைனோவிச் வானியல் பார்க்கப் போனவர். மொழியியல் இவர்களில் யாருக்கும் சம்பளம் தந்த தொழில் இல்லை. இது என் போன்றவர்களுக்குக் கொஞ்சம் தெம்பு. ஆனால் அவர்கள் செய்தது ஒலி ஒற்றுமையைப் பார்த்து ஆச்சரியப்படுவதோடு நிற்கவில்லை. நூற்றுக்கணக்கான சொற்களை அடுக்கி, இலக்கணத்தையும் வைத்து ஒழுங்கைத் தேடினார்கள்.

அடுத்த தடவை 'இந்த மொழியிலிருந்துதான் அந்த மொழி வந்தது' என்று ஒரு பட்டியல் உங்கள் போனுக்கு வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தச் சொற்கள் ஒரே விதிப்படி வேறுபடுகின்றனவா, இல்லை வெறுமனே ஒரே மாதிரி ஒலிக்கின்றனவா? இவை எண், உடல், உறவு போன்ற பல துறைகளில் பரவியிருக்கின்றனவா, இல்லை வியாபாரம், சமயம், சமையல் என்று ஒரே மூலையில் குவிந்திருக்கின்றனவா? விகுதிகளும் வேற்றுமை உருபுகளும் இதே உறவைச் சொல்கின்றனவா?

மூன்றுக்கும் பதில் இல்லை என்றால் அது உறவுப் பட்டியல் இல்லை, கடன் பட்டியலாகவோ தற்செயலாகவோ இருக்கலாம். கடன் பட்டியல் என்று தெரிந்தால் தூக்கி எறிய வேண்டாம். யார் யாரோடு வாழ்ந்தார்கள் என்ற வரலாறு அதில்தான் இருக்கிறது. வேறு அலமாரியில் வையுங்கள், போதும். அந்த 'அலமாரி'யும் போர்த்துகீசியரிடம் வாங்கியதுதான்.